கேட்போர் தீர்ப்பும் கலைஞர் பொறுப்பும்: ஜோனா நியூசமின் 'ஈஸ்' இசைத்தட்டை முன்வைத்து

கலைஞர் ஒருவரின் முதற் படைப்பை நாம் பெரும்பாலும் ஒரு கொடையாகவே ஏற்றுக்கொள்கின்றோம். அவரிடம் நாம் முன்னர் எதனையும் கேட்டிருக்கவில்லை; ஆதலின் அவர் தந்ததை அளப்பதற்கு எம்மிடம் கோலும் இல்லை. இரண்டாவது படைப்பின் நிலை வேறு. அது பிறக்கும்போதே தனக்கு மூத்ததோடு ஒப்பிடப்படுகின்றது. முதற் படைப்பை விரும்பியோர் அதற்குத் தம்மை உரித்தாளராகக் கருதத் தொடங்கிவிடுகின்றனர். முன்னர் தந்ததையே மீண்டும் தந்தால் 'வளர்ச்சியில்லை' என்பர். வேறொன்றைத் தந்தால் 'தடம் புரண்டுவிட்டார்' என்பர். இவ்விரு கூற்றுகளும் படைப்பைப் பற்றிக் கூறுவதைக் காட்டிலும் கேட்போரின் பழக்கத்தைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்கப் பாடகி ஜோனா நியூசமின் 'ஈஸ்' என்னும் இரண்டாவது இசைத்தட்டு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1982 இல் பிறந்து, கலிபோர்னியா மாநிலத்தின் நெவாடா சிற்றி என்னும் சிறு நகரில் வளர்ந்த நியூசம், தாமே பாடலெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே ஹார்ப் வாசித்துப் பாடுபவர். பெரு நிறுவனங்களின் பிடிக்குட்படாது இயங்கும் 'சுயாதீன இசை' எனப்படும் துறையைச் சேர்ந்தவர். அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தது சிக்காகோவிலுள்ள 'டிராக் சிற்றி' என்னும் சிறு நிறுவனமாகும். 2004 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டான 'த மில்க் ஐட் மென்டர்' பன்னிரண்டு சிறு பாடல்களின் தொகுதி. பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு ஹார்ப்பும் மாத்திரமே அதில் ஒலித்தன. 2006 நவம்பரில் 'ஈஸ்' வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அதில் ஐந்தே பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ 55 நிமிடங்கள். அவற்றுள் மிகக் குறுகியது ஏழு நிமிடங்களைத் தாண்டுகிறது. மிக நீண்டது ஏறக்குறைய 17 நிமிடங்கள் நீள்கின்றது. நான்கு பாடல்களில் பெரிய வாத்தியக்குழுவொன்று குரலைச் சூழ்ந்து நிற்கிறது.

அவ்வாண்டின் சிறந்த இசைத்தட்டுகளைத் தெரிவு செய்த விமர்சகர் பலர் இதனைத் தம் பட்டியல்களில் உயர்ந்த இடத்தில் வைத்தனர். 2010 இல் நியூசமின் பாடல்கள் பற்றிய கட்டுரைத் தொகுதியொன்றும் நூலாக வெளிவந்தது. ஆயின் கேட்போர் மத்தியில் நிலவிய கருத்து ஒருமுகப்பட்டதாக அமையவில்லை. ஒரு சாரார் இதனைத் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த இசையனுபவம் என்றனர். மற்றொரு சாரார் ஐந்து நிமிடந்தானும் பொறுத்திருக்க இயலவில்லை என்றனர். இடைப்பட்ட கருத்துடையோர் மிகச் சிலரே. இத்தகைய பிளவு ஏன் ஏற்பட்டது? கேட்போர் கூறிய குறைகளுள் படைப்பின்பாற்பட்டவை எவை, கேட்போரின்பாற்பட்டவை எவை? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நான் வந்த வழியையும் ஒளியாது கூறிவிடுவது முறை. விடுதி அறையொன்றில் நண்பர் நால்வர் கூடியிருந்தபோதே இத்தட்டை முதன்முதலிற் கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து தேநீர் குடிக்கச் சென்றார். அவர் திரும்பி வந்தபோதும் அதே பாடலே ஓடிக்கொண்டிருந்தது. மற்றொருவர், "பல்லவி எப்போது வரும்?" என்று வினவினார். மூன்றாமவர், "இது பாட்டா, குழந்தையின் அழுகையா?" என்றார். நானும் சிரித்தேன். நான்காமவராகிய மாணவி மாத்திரம் பேசாதிருந்து, ஈற்றில், "இந்தக் கேள்வியை ஓர் ஆண் பாடகரைப் பற்றிக் கேட்டிருப்பீர்களா?" என்றார். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. நாம் நால்வரும் அன்று வெளியிட்ட கருத்துகள் குரல், நீளம், வாத்தியக்குழு என்னும் மூன்றனுள் அடங்கின. உலகெங்கும் இத்தட்டைக் கேட்டோர் கூறியவையும் பெரும்பாலும் இம்மூன்றுமே என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

குரல்

நியூசமின் குரல் மெல்லியது. மேற்சுருதியிற் செல்லும்போது கீறலுறுவது. சொற்களைச் சில வேளை நசுக்கியும் சில வேளை இழுத்தும் ஒலிப்பது. முதலிரு தட்டுகளையும் பற்றி எழுதியோர் 'குழந்தைக்குரல்' என்றும் 'வனதேவதை' என்றும் மீண்டும் மீண்டும் குறிப்பிட்டனர். பாராட்டியோரும் பழித்தோரும் இச்சொற்களையே கையாண்டனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தம் குரலைக் குழந்தைத்தன்மையுடையதென வருணிப்பதை நியூசம் ஏற்கவில்லை. நேர்காணல்களில் அதனை மறுத்துரைத்துள்ளார்.

மேலைத்தேயப் பாடல் மரபில் பயிற்சி பெறாத, கரடுமுரடான குரல் புதியதன்று. பொப் டிலனின் மூக்கொலியும், ரொம் வெயிற்ஸின் கரகரப்பும் தொடக்கத்தில் ஏளனத்துக்கு இலக்காகியவையே. ஆயின் அவ்வேளனத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். ஆண் குரலின் கரடுமுரடு முதுமையையும் அனுபவத்தையும் உணர்த்துவதாகக் கொள்ளப்பட்டது. இருபது வயதில் டிலன் பாடியபோது கிழவரொருவரின் குரல்போல் ஒலிக்கிறது என்றனர், அதனைப் புகழாகவே கூறினர். பெண் குரலின் கரடுமுரடோ குழந்தைமையாகவும் விளையாட்டாகவும் கொள்ளப்படுகின்றது. அனுபவமுள்ள முதியவர் பேசும்போது நாம் பொருளைத் தேடுகின்றோம். குழந்தை பேசும்போது ஒலியை இரசிக்கின்றோம் அல்லது எரிச்சலுறுகின்றோம், பொருளைத் தேடுவதில்லை. மரணம், பிரிவு, பொறுப்பு என்பன பற்றி நெருக்கமாக எழுதப்பட்ட பாடல்களைக் கேட்டுவிட்டு, 'அழகான தேவதைக் கதைகள்' எனக் கூறி அகன்றோர் பலர். குரலைப் பற்றிய முன்முடிவு பாடலின் பொருளையே செவியினின்று மறைத்துவிட்டது எனலாம்.

இக்கருத்தை வலுவுறுத்தும் பிற்கால நிகழ்ச்சியொன்றும் உண்டு. 2009 இல் நியூசமின் குரல்நாணில் முடிச்சுகள் ஏற்பட்டமையால், சில காலம் அவர் பேசவோ பாடவோ இயலாதிருந்தார். அதன் பின்னர் குரல் சற்றுத் தணிந்து மென்மையுற்றது. 2010 இல் வெளிவந்த மூன்றாவது தொகுதியான 'ஹாவ் வன் ஒன் மீ' இம்மாறிய குரலிலேயே அமைந்தது. முன்னர் அவரைக் கேட்க மறுத்த சிலர் இப்போது அவர் 'முதிர்ச்சியடைந்துவிட்டார்' என்றனர். பாடலெழுதும் ஆற்றலில் முதிர்ச்சி 'ஈஸ்' தட்டிலேயே நிறைந்திருந்தது. மாறியது குரல்நாண், கேட்போரோ மாறியது அறிவு எனக் கொண்டனர்.

எனினும், குரல் பற்றிய முறைப்பாடு முழுவதையும் முன்முடிவெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சொற்செறிவுமிக்க அடிகளில் அவருடைய உச்சரிப்பு சொல்லை விழுங்கிவிடுகின்ற இடங்கள் உள. பாடல் வரிகள் அச்சிடப்பட்ட சிறுநூல் கையில் இல்லாதவருக்கு அவ்விடங்கள் இழப்பேயாகும். செவிக்கென ஆக்கப்பட்ட கலை கண்ணின் துணையை வேண்டி நிற்பது ஒரு குறையே.

நீளம்

இரண்டாவது முறைப்பாடு பாடல்களின் நீளம் பற்றியது. மூன்று நான்கு நிமிடங்களுள் பல்லவி இருமுறை வந்து முடிவதே பாடல் என்னும் பழக்கம் பெரும்பாலும் வணிகத்தினதும் பொறியினதும் விளைவாகும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கிற்று. வானொலி அவ்வளவையே நிலைபெறச் செய்தது. அதற்கு முன்னரும் அதற்கு வெளியிலும் வாழ்ந்த கதைப்பாடல்கள் அவ்வெல்லையை அறிந்தவையல்ல. ஆதலின் நீளம் என்பது தன்னளவிற் குறையுமன்று, நிறையுமன்று. நீளத்துக்குப் பாடலின் உள்ளே காரணம் உண்டா என்பதே வினா.

இத்தட்டிலுள்ள பாடல்களின் பெயர்களை வசதி கருதித் தமிழிலேயே தருகின்றேன். 'குரங்கும் கரடியும்' என்பது ஒன்பது நிமிடக் கதைப்பாடல். அடைபட்டிருந்த இடத்தினின்று ஒரு குரங்கும் ஒரு கரடியும் தப்பிச் செல்கின்றன. விடுதலைக்கு வழி காட்டுவதாகக் கூறும் குரங்கு, உணவுக்காகக் கரடியை ஆடச் செய்கின்றது. இன்னும் சிறிது ஆடினாற் போதும், பின்னர் விடுதலைதான் என்று கூறிக் கூறியே அதன் உழைப்பை உண்கின்றது. ஈற்றில் கரடி கடலில் இறங்கித் தன் உடலையே கழற்றிவிடுகின்றது. பழைய எசமானிடமிருந்து தப்பியவர் புதிய எசமானை அன்பின் பெயரால் ஏற்றுக்கொள்ளும் கொடுமை இங்குக் கதையாகியுள்ளது. இக்கதையை மூன்று நிமிடங்களிற் கூறியிருக்க முடியாதா எனின், முடியும். ஆனால் குரங்கின் வாக்குறுதி மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்படுவதே இதன் உட்பொருள். கேட்பவரும் கரடியோடு காத்திருக்க வேண்டும். 'எப்போது முடியும்?' என்று எமக்குத் தோன்றும் அக்கணமே கரடிக்கும் தோன்றும் கணமாகும். இங்கு நீளம் உள்ளடக்கத்தின் உறுப்பாக அமைந்துள்ளது.

தட்டின் பெயரும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 'ஈஸ்' என்பது பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் வழங்கும் பழங்கதையொன்றில் வரும் நகரம். கடல் மட்டத்திற்குக் கீழே, அணையினால் காக்கப்பட்டு நின்று, கதவு திறக்கப்பட்டபோது கடலுள் மூழ்கியது. ஓராண்டுக் காலத்தில் தம் வாழ்வில் நிகழ்ந்த பெரும் அதிர்ச்சிகளை அடியாகக் கொண்டே இப்பாடல்கள் எழுந்தன என்றும், உற்ற தோழியொருவரின் மரணம் அவற்றுள் ஒன்றென்றும் நியூசம் கூறியுள்ளார். தட்டு முழுவதும் ஆறும் மழையும் கடலுமாக நீர் பரந்து கிடக்கின்றது. அணைக்குள் அடங்காத துயரத்தைச் சிறு பாத்திரத்தில் அளந்து தருமாறு கேட்பது பொருத்தமாகாது. இறுதிப் பாடலான 'கொஸ்மியா' அத்தோழிக்கான கையறுநிலைப் பாடல். கொஸ்மியா என்பது விட்டில் இனமொன்றின் பெயர். தட்டின் முகப்பு ஓவியத்தில் பாடகி ஒரு கையில் அரிவாளும் மறு கையில் சட்டமிட்ட விட்டிலுமாக அமர்ந்திருப்பது இதனோடு இயைபுடையது. இப்பாடல் தேறுதலில் முடியவில்லை, இழப்பைக் கூறியே அடங்கிவிடுகின்றது. ஆறுதலை விரைந்து வழங்கிவிடும் பாடல்களுக்குப் பழகிய செவிக்கு இது முடிவற்றதாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் 17 நிமிடப் பாடலாகிய 'தோல் மட்டுமே' என்பதில் இத்தகைய கட்டுறுதி எல்லா இடத்திலும் இருப்பதாகக் கூற முடியாது. காதல், இல்லறம், கண்ணாடிச் சாளரத்தில் மோதி வீழும் பறவை, அச்சுறுத்தும் கனவு எனப் பல காட்சிகள் அதில் அடுக்கப்படுகின்றன. ஈற்றில் பில் கலஹனின் ஆண்குரல் வந்து சேரும்போது பாடல் உரையாடலாக மாறி உயிர் பெறுகின்றது. அதற்கு முற்பட்ட சில நிமிடங்கள் காட்சிக்குக் காட்சி தாவுவனவாகவே எனக்குத் தோன்றுகின்றன. நீளத்தைக் குறைகூறிய கேட்போர் இந்த ஒரு பாடலைச் சுட்டியிருப்பின் அவர்களோடு முழுதும் உடன்பட்டிருப்பேன்.

வாத்தியக்குழு

மூன்றாவது முறைப்பாடே மிகுந்த விவாதத்துக்குரியது. இது முதல் தட்டை விரும்பியோரிடமிருந்தே பெரும்பாலும் எழுந்தது. தனிக்குரலும் ஹார்ப்புமாக இருந்த எளிமையை வாத்தியக்குழு அழித்துவிட்டது என்பது அவர்தம் வாதம்.

ஹார்ப் எமக்கு முற்றிலும் அந்நியமான கருவியன்று. விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்த நாள் தொட்டு, நரம்பை வருடி இசைக்கும் வில்வடிவக் கருவிகளின் தன்மையை நம்மவர் எண்ணிப் பார்த்துள்ளனர். மேலைத்தேயப் பெரிய ஹார்ப்பில் 47 நரம்புகளும் ஏழு மிதிகளும் உள. ஒரு நரம்பைத் தெறித்ததும் பிறக்கும் ஒலி அக்கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். வயலினைப் போல் அதனை நீட்டிப் பிடிக்க இயலாது. நியூசம் இளமையிலேயே மேற்கு ஆபிரிக்காவின் கோரா என்னும் 21 நரம்புக் கருவியின் தாளக்கோலங்களைக் கற்று, ஒரு கையில் மூன்றும் மறுகையில் நான்குமாக எண்ணும் பின்னலைத் தம் வாசிப்பில் இணைத்துக்கொண்டவர். தேயும் ஒலிகளை இடைவிடாத பின்னலால் நிரப்புவது இவ்வாசிப்பின் சிறப்பு. எனவே, தனித்து நிற்கும் ஹார்ப் இவரிடத்து வறுமையுடையதன்று.

'ஈஸ்' உருவாகிய முறையை அறிவது இங்கு அவசியமாகின்றது. குரலும் ஹார்ப்பும் முதலில் ஸ்ரீவ் அல்பினி என்னும் ஒலிப்பதிவாளரால் பதிவு செய்யப்பட்டன. இயற்கையொலியைக் கூட்டாது குறையாது பதிவதில் அவர் பெயர் பெற்றவர். அப்பதிவின்மீதே வான் டைக் பார்க்ஸ் வாத்தியக்குழுவுக்கான இசையைப் பின்னர் எழுதினார். 1960களில் பிறையன் வில்சனோடு பணியாற்றியவரும் 'சோங் சைக்கிள்' என்னும் தட்டினால் அறியப்பட்டவருமான மூத்த கலைஞர் இவர். அனைத்தையும் ஜிம் ஓ'றூர்க் கலந்திணைத்தார். அதாவது, குரலும் ஹார்ப்பும் மூலம். வாத்தியக்குழு அதற்கு எழுந்த உரை. மூலம் தன் மூச்சுக்கேற்ப விரைந்தும் தயங்கியும் செல்ல, உரை அதனைப் பின்தொடர்கின்றது.

இவ்வாறு நோக்குமிடத்து, கேட்போரின் முறைப்பாட்டை நாம் செம்மைப்படுத்திக்கொள்ளலாம். உரை வேண்டுமா என்பது வினாவன்று. எவ்விடத்து உரை பொருளை விளக்குகின்றது, எவ்விடத்து மூலத்தை மறைக்கின்றது என்பதே வினா. 'குரங்கும் கரடியும்' பாடலில் வாத்தியக்குழு நல்லுரை. கதை மாந்தரின் அசைவும், கூத்தரங்கின் போலிக் களிப்பும், கடலின் விரிவும் அதனாலேயே புலனாகின்றன. 'எமிலி' என்னும் பன்னிரண்டு நிமிடப் பாடலிலோ ஒவ்வொரு சொல்லுக்கும் பதவுரை எழுதும் உரையாசிரியரின் ஆர்வம் தென்படுகின்றது. பாடல் ஒரு பறவையைக் கூறினால் குழலும், ஓர் அசைவைக் கூறினால் நரம்புகளும் உடனே விடையிறுக்கின்றன. தானே உணர்ந்துகொள்ள வேண்டியதை முன்கூட்டியே காட்டிவிடும் உரை மாணாக்கனைச் சோம்பலாக்கும். இவ்விசையும் சில இடங்களிற் கேட்போரை அவ்வாறு ஆக்குகின்றது.

இதற்குச் சான்று அதே தட்டிலேயே உண்டு. மூன்றாவதாகிய 'மரத்தூளும் வைரங்களும்' என்னும் பாடலில் வாத்தியக்குழு இல்லை. ஏறத்தாழ பத்து நிமிடங்களும் குரலும் ஹார்ப்பும் மாத்திரமே. அப்பாடலின் அடிகள் எதுகையும் இயைபுமாக உள்ளுக்குள்ளேயே பின்னிச் செல்வதையும், ஹார்ப்பின் அலை அப்பின்னலைத் தாங்குவதையும் தடையின்றிக் கேட்கலாம். விடுதியில் எம்மோடு கேட்ட நால்வருள் இருவர் இரண்டாம் முறை விரும்பிக் கேட்டது இப்பாடலையே. மேலும், 2007 இல் வெளிவந்த குறுந்தட்டொன்றில் நியூசம் 'கொஸ்மியா'வைச் சிறு குழுவோடு மீண்டும் பதிவு செய்தார். பெரிய வாத்தியக்குழு விலகியபோதும் பாடல் சிதையவில்லை. மேலும் நீண்டு, மேலும் ஆழமாக ஒலிக்கின்றது. அதே ஆண்டு சனவரியில் லண்டன் பாபிக்கன் அரங்கில் லண்டன் சிம்பொனி வாத்தியக்குழுவோடும் அவர் இப்பாடல்களை நிகழ்த்தினார். மூலம் இரு வகை உரைகளையும் ஏற்கும் வலிமையுடையது என்பதை இவை காட்டுகின்றன. ஆதலின், வாத்தியக்குழு பாடல்களை 'அழித்துவிட்டது' என்பது மிகைக்கூற்று. சில இடங்களில் நெருக்குகின்றது என்பதே உண்மை.

புரியாமை பற்றி

இம்மூன்று முறைப்பாடுகளுக்கும் அடியில் நான்காவது ஒன்று மறைந்து நிற்கின்றது: 'புரியவில்லை' என்பதே அது. பழஞ்சொற்களும் அரிய பெயர்ச்சொற்களும் மிக்க நியூசமின் மொழி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கே கடினமானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற எம்போன்றோருக்குச் சொல்லவேண்டியதில்லை. இத்தட்டை ஆதரித்தோர் பலர், புரியவில்லை என்றவரைச் சோம்பேறி என ஒதுக்கினர். கடினமானதை விரும்புவது அறிவின் அடையாளம் என்னும் ஒரு வகைச் செருக்கு அவர்தம் பேச்சில் ஒலித்தது. கலை யாருக்காக என்னும் வினா எமது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதொன்று. அவ்விவாதத்தில் வளர்ந்த எமக்கு இச்செருக்கு உவப்பானதன்று. 55 நிமிடங்களை இடையூறின்றிக் கேட்பதற்கு ஓய்வும் தனியறையும் வேண்டும். அவை எல்லோர்க்கும் கிட்டுவன அல்ல.

எனினும் கடினம் இருவகைப்படும். கூறவந்த பொருளே சிக்கலானதாக இருத்தலால் விளையும் கடினம் ஒன்று. எளிய பொருளைப் பெரிதாகக் காட்டும் பொருட்டுப் புனையப்படும் கடினம் மற்றொன்று. முன்னதைக் கலைஞரிடமிருந்து பறித்துவிட்டால், சிக்கலான வாழ்வனுபவங்களைப் பேசும் வழியையே அடைத்தவர்களாவோம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு சான்று உதவும். 'எமிலி' பாடல் நியூசமின் தங்கையாகிய, பின்னாளில் வானியற்பியலாளரான எமிலியை நோக்கிப் பாடப்படுவது. அவரும் அதிற் பின்குரல் கொடுத்துள்ளார். அதிலே, விண்வெளியில் அலையும் கல், அது வளிமண்டலத்தில் எரியும்போது தோன்றும் ஒளிக்கீற்று, நிலத்தில் வந்து வீழும் எச்சம் ஆகிய மூன்றுக்கும் உரிய பெயர்களைத் தங்கை கற்பித்ததாக ஒரு பகுதி வருகின்றது. ஆனால் பாடலில் அப்பெயர்கள் அறிவியல் கூறும் முறைக்கு மாறாக இடம் மாறியுள்ளன. கேட்போர் பலர் இதனைப் பிழையெனச் சுட்டினர். அவர்கள் கூறியது சரியே. ஆயின் அப்பகுதி வானியற் பாடமன்று. அன்புக்குரியவர் கற்பித்ததை மறவாதிருக்க முயலும் ஒருவரின் நினைவு அது. பாடத்தைவிடப் பாடம் சொன்ன குரலையே ஆழமாக நினைவில் வைத்திருக்கும் மாணாக்கர் இவ்வாறுதான் பிழைவிடுவர். இது பாடகி எண்ணிச் செய்ததா என்பதை நான் வாதிட வரவில்லை. அப்பிழை பாடலின் உணர்வோடு முரண்படவில்லை என்பதே என் வாசிப்பு. கேட்போர் சுட்டிய பிழையே பாடலின் உள்ளே செல்லும் வாயிலாக எனக்கு அமைந்தது. இக்கடினம் புனையப்பட்டதன்று.

இவ்விடத்தில் கேட்போர் கருத்தின் பெறுமதியும் தெளிவாகின்றது. கேட்போர் கூறும் குறை பெரும்பாலும் சரியான இடத்தைச் சுட்டுகின்றது. அதற்கு அவர்கள் கூறும் காரணமே பல வேளைகளில் தவறிவிடுகின்றது. குரல் உறுத்துகின்றது என்பது மெய், காரணம் குழந்தைமையன்று. நீளம் உறுத்துகின்றது என்பது மெய். ஒரு பாடலில் அது குறை, மற்றொன்றில் அதுவே பொருள். வாத்தியக்குழு உறுத்துகின்றது என்பதும் மெய். அது இருப்பதனாலன்று, சில இடங்களில் மிகையாகப் பேசுவதனாலேயே. விமர்சகரின் கடமை கேட்போரை இகழ்வதுமன்று, அவர்தம் கைதட்டலை எண்ணிக் கூறுவதுமன்று. அவர்கள் சுட்டிய இடத்துக்குச் சென்று, அங்கு உண்மையில் என்ன இருக்கிறது எனப் பார்த்துச் சொல்வதேயாகும்.

கலைஞரின் பொறுப்பு பற்றியும் ஒரு சொல். முதல் தட்டின் வெற்றிக்குப் பின்னர் அதே அளவிலான பன்னிரண்டு சிறு பாடல்களை மீண்டும் தந்திருப்பின் நியூசம் எவரையும் பகைத்திருக்க மாட்டார். தோழியின் மரணத்துக்கும் தம் வாழ்வின் குலைவுக்கும் அவ்வடிவம் போதாது எனக் கண்டு, தம்மை விரும்பியோரை இழக்கும் துணிவோடு வேறு வடிவத்தைத் தேடினார். அத்துணிவு எல்லா இடத்திலும் வெற்றியளித்ததென்று கூறேன். ஆயின் கேட்போரின் பழக்கத்துக்கன்றிக் கூறவந்த பொருளுக்கே அவர் முதற்கண் கடமைப்பட்டு நின்றார். சிறு நிறுவனமொன்றின் துணையோடு இயங்கும் சுயாதீனக் கலைஞருக்கு உண்மையான சுயாதீனம் என்பது இதுவே.

அன்று விடுதியில் தேநீருக்காக எழுந்து சென்ற நண்பர் இன்னும் இத்தட்டை விரும்புவதில்லை. அது அவர் உரிமை. ஆயினும், சில கிழமைகளின் பின்னர் ஒரு மாலையில் அவர் என்னிடம் வந்து, "அந்தக் கரடிக்கு இறுதியில் என்ன நேர்ந்தது?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அப்படியானால் அந்தப் பாட்டை மட்டும் ஒருமுறை போடும்," என்றார். அன்று அவர் ஒன்பது நிமிடங்களும் எழுந்து செல்லவில்லை.